கறுப்புக் கோட்டும் மூன்று கதிரைகளும்: திருகோணமலைச் சட்டத்தரணி சேவை – ஒரு மதிப்பீடு

காலை எட்டரை மணிக்குத் திருகோணமலைக் கோட்டு, அதாவது நீதிமன்றப் பக்கம் போனால், ஒரே பெயர்ப்பலகை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெயர் மட்டும் மாறும். கீழே அதே வரிகள்: சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு, சத்தியப்பிரமாண ஆணையாளர். சில பலகைகளில் நாலாவதாக ஒரு வரி: பதில் நீதவான். இங்கே மதிப்பிடுவது அந்தப் பலகையைத்தான், தனி ஒரு லோயரை அல்ல. நாலு வரியும் நாலு வேறு வேலை. ஒன்றில் சூரர் மற்றதில் சுமாராக இருக்கலாம், அது குற்றமும் இல்லை. ஊர்ச்சனம் செய்கிற பிழை வேறு. கோட்டில் முழங்குகிறவரிடம் காணி உறுதி முடிக்கக் கொடுக்கிறது, அரசியல் மேடையில் ஏறினவரிடம் வழக்கைக் கொடுக்கிறது, நீதிபதி ஆசனத்தில் இருக்கிறவருக்கு வேண்டியவர் யாரென்று விசாரிக்கிறது. மூன்றும் காசுக்குக் கேடு.

பலகையில் எழுதாத வரி ஒன்றும் உண்டு, அரசியல். இந்த ஊரில் கறுப்புக் கோட்டுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தூரம் அதிகமில்லை. இரா. சம்பந்தன் இங்கே சட்டத்தரணியாகத் தொழில் பார்த்து, 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்றவர். 1983இல், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் கேட்ட ஆறாவது அரசியலமைப்புத் திருத்தக் காலத்தில் நாடாளுமன்ற ஆசனம் போனது. 1997இல் அ. தங்கத்துரை கொல்லப்பட்டபோது அந்த வெற்றிடத்துக்கு வந்தார், 2001இல் மறுபடி தெரிவானார், 2015 செப்டெம்பர் முதல் 2018 டிசம்பர் வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். 2024 ஜூன் 30 அன்று, 91 வயதில் காலமானார். ஒரு மாகாணத்து லோயர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஊர் காட்டுகிற உதாரணம் அவர்தான்.

நீதிபதி ஆசனத்திலிருந்து அரசியலுக்கு இறங்கினவர்களும் இருக்கிறார்கள். பிரதம நீதியரசராக இருந்து 1988இல் ஓய்வுபெற்ற ச. சர்வானந்தா மேல் மாகாண ஆளுநரானார். 2004 வரை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த க. வி. விக்னேஸ்வரன் 2013இல் வட மாகாண முதலமைச்சரானார். மற்றப் பக்கம், அதாவது அரசியலிலிருந்து ஆசனத்துக்கு, பாதை ஒடுக்கம். நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. அதற்குப் போட்டிப் பரீட்சை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இளம் சட்டத்தரணிகள். நாடாளுமன்றம் கண்டு நரைத்தவர் அந்த மண்டபத்தில் போய் இருப்பது அரிது. மாகாணத்து லோயர் ஒருவர் ஆசனத்தின் ருசி பார்ப்பது பெரும்பாலும் அந்த நாலாவது வரியால்தான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

உறுதி: இங்கேதான் காசுக்குப் பெறுமதி

நகரத்துச் சட்டத்தரணி வாழ்வது வழக்கால் அல்ல, காணி கைமாறும் பத்திரமான உறுதியால். 1974க்கு முன்னர் தொழில் இரண்டாகப் பிரிந்திருந்தது. மன்றில் வாதாட அப்புக்காத்து, கட்சிக்காரனைக் கண்டு பத்திரம் தயாரிக்கப் பிரக்கிராசி. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிச் ‘சட்டத்தரணி’ என்று பெயர் வைத்தது. பெயர் போனாலும் வேலை போகவில்லை. பழைய உறுதிகளில் ‘பிரக்கிராசியும் நொத்தாரிசும்’ என்று கையெழுத்திட்டவரின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஒபிஸ் நடப்பது அதே நொத்தாரிசு வேலையில்தான்.

காணி கைமாற எழுத்து வேண்டும், நொத்தாரிசு வேண்டும், சாட்சிகள் இருவர் வேண்டும், எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்து கையெழுத்திட வேண்டும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. ‘நீங்கள் வைத்துவிட்டுப் போங்கோ, சாட்சியைப் பிறகு போடுவிக்கிறன்’ என்று கிளார்க் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வரலாம். பத்து வருடம் கழித்து உறுதி வழக்குக்குப் போகும்போது, அந்தச் சாட்சி கூண்டில் ஏறி ‘நான் அவரைக் காணவில்லை’ என்றால் முடிந்தது கதை.

கையெழுத்து நாள் வெறும் சடங்கு. உண்மையான சேவை அதற்கு முன்னால் நடக்கும் தேடுதல். நல்ல ஒபிஸையும் சும்மா ஒபிஸையும் பிரிப்பது இந்த ஒன்றுதான். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தொகுதியில் ஒரு பக்கம் உண்டு. அந்தத் துண்டைப் பற்றிய ஒவ்வொரு உறுதியும் அதே பக்கத்தில் வரிவரியாக ஏற வேண்டும். பக்கம் நிரம்பினால் வேறு தொகுதிக்குக் கொண்டுபோய், இரண்டிலும் குறுக்குக் குறிப்பு எழுதுவார்கள். வழக்கமாக முப்பது வருடம் பின்னோக்கிப் பார்க்கிறார்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரைக் காணி என்றால் முப்பதோடு நிற்பது புத்தியல்ல. இடம்பெயர்வும் போரும் அந்த முப்பதுக்குள்ளும் கிடக்கின்றன, அதற்கு முன்னும் கிடக்கின்றன. காணியின் பழைய மூலமான தாய் உறுதி வரைக்கும் போகச் சொல்லுங்கள்.

தேடுதல் முடிந்ததற்கு அடையாளம் ‘எல்லாம் சரி’ என்ற வாய்ச்சொல் அல்ல, ஒரு தாள். அதில் தொகுதி, பக்கம், உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், கொடுத்தவர், வாங்கினவர், பரப்பளவு எல்லாம் வரவேண்டும். தாளைக் கையில் எடுத்துப் பரப்பளவு நிரலை மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு ஏக்கர் நாலு றூட், ஒரு றூட் நாற்பது பேர்ச். தகப்பனுக்கு ஒரு றூட் இருபது பேர்ச், அதாவது 60 பேர்ச் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் இருபது இருபதாக நன்கொடை உறுதி எழுதியாயிற்று. கணக்குச் சரி. ஆனால் பின்துண்டுக்குப் போகப் பத்தடி ஒழுங்கை ஒன்று இருக்கிறதே, அது யாருடைய இருபதிலிருந்து வந்தது? எழுத்தில் இருபது வாங்கி நிலத்தில் பதினேழு அளந்து எடுக்கிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். வேலி வழக்கு பிறப்பதும் இந்த மூன்று பேர்ச்சில்தான். தேடுதலோடு சர்வேயரையும் ஒருமுறை காணிக்குக் கூட்டிப்போகச் சொல்லும் லோயருக்கு இன்னும் ஒரு புள்ளி கூடப் போடலாம்.

பிறகு பதிவு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முதலில் எழுதிய உறுதி அல்ல, முதலில் பதிந்த உறுதிதான் முந்தும். பெறுமதி கொடுத்து வாங்கினவர் பின்னால் வந்தாலும் முன்னால் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி அவருக்கு எதிராக நிற்காது. பிழையான பக்கத்தில் பதிந்ததும் பதியாததும் ஏறக்குறைய ஒன்று. யாரோ ஒருவர் பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதுப் பக்கம் திறந்து பதிந்த காணிகளில்தான் ஒரு துண்டுக்கு இரண்டு சொந்தக்காரர் முளைக்கிறார்கள், இருவர் கையிலும் முத்திரை குத்திய உறுதி. நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் முந்தின மாதத்து உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அது அவருடைய கடமை. உங்கள் உறுதியைப் பதிவதற்கு அந்தத் திகதி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கையெழுத்திட்ட அடுத்த வேலைநாளே பதிவுக்குப் போடச் சொல்லுங்கள்.

முத்திரைத் தீர்வையில் ஒளிவுமறைவு இல்லை. விலை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 50 இலட்சக் காணிக்கு 3,000மும் 1,96,000மும், ஆக 1,99,000 ரூபா. இது மாகாணத்துக்குப் போகிற காசு. லோயரின் கட்டணம் இதற்கு மேலே. இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்லும் ஒபிஸில் பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். பெறுமதியைக் குறைத்துப் போடுவோம் என்று யாராவது சொன்னால் அது சேவை அல்ல. நாளைக்கு வங்கியில் ஈடு வைக்கப் போகும்போதும், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்காடும்போதும் உறுதியில் இருக்கிற எண்தான் உங்கள் எண்.

உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சி இருக்கும். வாங்குகிறவர்களில் யாரும் அதை வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டியதே அதைத்தான். எந்தப் பக்கத்தில் எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது இடையில் எழுதப்பட்டது என்று அங்கே ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்க வேண்டும். நடுப்பக்கத்தில் ‘வடக்கு’ வெட்டி ‘கிழக்கு’ ஆகியிருக்கிறது, அத்தாட்சியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால், அந்த வெட்டு எப்போது விழுந்தது என்று யாரும் கேட்கலாம். காசு நொத்தாரிசின் முன்னிலையில் கைமாறியதா, இல்லை முன்னமே பெற்றதாக விற்றவர் ஒத்துக்கொண்டாரா என்பதும் அதே அத்தாட்சியில்தான். நீங்கள் மேசையில் எண்ணிக் கொடுத்த காசுக்கு ‘என் முன்னிலையில் கொடுக்கப்படவில்லை’ என்று அச்சடித்த பழைய வாசகம் அப்படியே கிடக்கும். கணினியில் போன கிழமை உறுதியைத் திறந்து பெயரை மாற்றுகிற ஒபிஸ்களின் வியாதி இது.

ஆள் யாரென்பதும் திருகோணமலையில் சிக்கலான கேள்வி. கிழக்குத் தமிழருக்குப் பொதுச்சட்டம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்களுக்குத் தேசவழமை என்கிற அவர்களுடைய வழமைச் சட்டம் அவர்களோடு கூட வரும். தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அந்தச் சொத்து சீதனமாக வந்ததென்றாலும். உவர்மலையில் இரண்டு தலைமுறையாக இருக்கிற குடும்பம் எந்தப் பக்கம் என்று லோயர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்காமல் எழுதினால் பின்னுக்குக் கணவனோ பிள்ளைகளோ வந்து கேட்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் அற்றோனித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், இன்னொரு பொறி. எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செத்துவிடும். கனடாவில் மாமா மாசியில் காலமாகிறார், சித்திரையில் மருமகன் அந்தத் தத்துவத்தை வைத்துக் காணி விற்கிறார், வாங்கினவருக்கு ஒன்றும் இல்லை. தத்துவம் இங்கே பதியப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கையெழுத்து நாளன்று வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற நொத்தாரிசுகள் இருக்கிறார்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லை, ஆனால் இதைவிட நல்ல பழக்கம் இல்லை. வாங்குகிறவர் வெளிநாட்டுப் பிரசை என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிற்கும், இரட்டைப் பிரசாவுரிமை இருந்தால் தப்பலாம்.

பேமிட் காணியைப் பற்றி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியைப் பற்றி, ஒரு வார்த்தை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர், குச்சவெளிப் பக்கங்களில் நிறையக் காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. பிரதேச செயலாளரின் முன்சம்மதம் எழுத்தில் இல்லாமல் அதைக் கைமாற்றினால் உறுதி செல்லாது, நொத்தாரிசு அதை அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. இதைச் சுற்றிப் போவதற்கு ‘ஒப்பந்தம் ஒன்று எழுதுவோம், அற்றோனித் தத்துவம் ஒன்று வைப்போம்’ என்று வழி சொல்கிற லோயர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. காசு போகும், காணி முதல் பேமிட்காரன் பிள்ளையின் பெயரில் நிற்கும்.

இவ்வளவையும் கவனமாகச் செய்கிற நொத்தாரிசு சேவைக்கு ஐந்தில் நாலரை தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வேலையில் பாதி கிளார்க்கின் கையில். லோயரைத் தெரிந்துகொள்வதற்கு முதல் கிளார்க்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தவணை

வழக்குச் சேவைக்கு அத்தனை புள்ளி வராது. அது லோயரின் பிழை மட்டும் அல்ல. பலருக்குப் பொதுவான காணியைப் பங்கு பிரிக்கிற பிரிவினை வழக்கு என்றால் சர்வேயருக்குக் கட்டளை, வழக்குப் பதிவு, உரித்தாளர் ஒவ்வொருவருக்கும் அறிவித்தல் என்று வருடக்கணக்கில் ஓடும். ஒரு உரித்தாளர் வழக்கு நடக்கையில் இறந்தால் இன்னும் இழுபடலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் பாதை என்கிற மிதவைப் படகு பிந்தியதால் தவணை தவறின மூதூர்க்காரர் உண்டு. இப்போது அந்தச் சாட்டும் இல்லை, தவணை மட்டும் அப்படியே போகிறது. சிறு பிணக்குகளுக்கு முதலில் மத்தியஸ்த சபை. அங்கே லோயர் வர இடமில்லை. சட்டம் கேட்கிற பிணக்குகளில் அந்தச் சபையின் சான்றிதழ் இல்லாமல் வழக்கைக் கோட்டில் போடவும் முடியாது. இதைச் சொல்லாமல் முதலே கட்டணம் வாங்கிக்கொண்டால் கேள்வி கேளுங்கள்.

கவனம் வைக்க வேண்டியது திகதிகளில். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் தீர்ப்பு நாள், கொடுக்கிற நாள், ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் சேராது. மேன்முறையீட்டு மனு 60 நாட்களுக்குள். இதில் விடுமுறையைக் கழிக்க முடியாது, தீர்ப்பு நாளிலிருந்து நேரே எண்ணிக்கொண்டு போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி எண்ணிக் கெட்ட மேன்முறையீடுகள் ஏராளம். சித்திரைப் புத்தாண்டும் வெசாக்கும் அடுத்தடுத்து வருகிற காலத்தில் இந்தப் பிழை கூடும். தீர்ப்பன்றே லோயரிடம் இரண்டு திகதியையும் ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு இன்னும் இறுக்கம்: ஒரே மாதம், கொழும்பு உயர் நீதிமன்றம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிற காலம் கணக்கில் சேராது. அதற்குக் கொழும்பு போகத் தேவையில்லை, திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

அரச காணியிலிருந்து எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்தால் வழக்கமான வாதத்துக்கே இடம் குறைவு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டத்தில் நீதவான் முன் நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசு தந்த செல்லுபடியாகும் பேமிட் அல்லது எழுத்து அதிகாரம். ‘அப்பு காலத்திலிருந்து இருக்கிறம்’ என்பது அங்கே ஏறாது. அதைச் சொல்லி இரண்டு மணிநேரம் முழங்குகிற லோயர் உங்கள் காதுக்குத்தான் வாதாடுகிறார். நோட்டீஸையே எதிர்க்க எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை நிறுத்த நீதிமன்றம் இடும் கட்டளை, வேண்டும். மாகாண மேல் நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று பலரும் நம்பியிருந்தார்கள். 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி விடயத்தில் அந்த அதிகாரம் மாகாண நீதிமன்றத்துக்கு இல்லை என்றது. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான் வழி. அங்கே தமிழ் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்புச் செலவும் சேரும்.

லோயர் எம்.பி ஆனால்

எம்.பியாக இருந்துகொண்டு சட்டத்தரணியாகத் தொழில் பார்க்கத் தடையில்லை. தடை நேரம். உங்கள் தவணையும் நாடாளுமன்ற அமர்வும் ஒரே செவ்வாயில் விழும், வருவது ஜூனியர். ஜூனியர் கெட்டிக்காரர் என்றால் ஒன்றும் நட்டமில்லை. ஆனால் கோட்டு ஏட்டில் உங்களுக்காக நிற்பது புரொக்ஸியில், அதாவது லோயரை நியமித்து நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில், பெயர் உள்ள பதிவுபெற்ற சட்டத்தரணிதான். ஆளை மாற்ற வேண்டுமென்றால் கோபித்துக்கொண்டு அடுத்த ஒபிஸுக்குப் போய்ப் புதுப் புரொக்ஸி கொடுத்தால் போதாது. பழையவருக்கு அறிவித்து, நீதிமன்ற அனுமதியோடு, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்தால் பழையதை மீளப்பெற வேண்டும். இதை விட்டுவிட்டு இரண்டு புரொக்ஸி ஒரே கோவையில் கிடந்தால் எதிர்த்தரப்புக்கு முதல் ஆட்சேபம் இலவசம். லோயர் இறந்தாலோ தொழில் பார்க்க முடியாத நிலைக்கு வந்தாலோ விதி வேறு: வேறொருவரை நியமிக்கும்படி உங்களுக்கு அறிவித்தல் தந்து 30 நாள் போகும் வரைக்கும் உங்களுக்கு எதிராக வழக்கை நகர்த்த முடியாது. அந்த முப்பது நாளைத் தெரியாமல் பதறித் தீர்வுக்கு ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எம்.பியின் கடிதத்துக்குச் சட்டப் பலம் இல்லை. பிரதேச செயலாளர் அதை வாசிப்பார், கோவையில் வைப்பார். ஆனால் எம்.பியால் மட்டும் முடிகிற ஒரு வேலை இருக்கிறது, கேட்கிறவர்கள் குறைவு: நாடாளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழு. அங்கே நீங்கள் நேரே மனுப் போட முடியாது, ஒரு உறுப்பினர் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்க வேண்டும். ஓய்வூதியம், இடமாற்றம், காணிக்கோவை தொலைந்தது போன்ற விடயங்களுக்குப் பத்துக் கடிதத்தைவிட அந்த ஒரு மனு மேல். அதற்கு முதல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டுக் கோவையின் பிரதியை எடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், லோயரும் தேவையில்லை, எம்.பியும் தேவையில்லை. லோயர்மார் இதைத் தாங்களாகச் சொல்லித் தருவது குறைவு, ஏனென்று எல்லாருக்கும் தெரியும்.

அரசியல் கதிரையால் முடிந்ததும் உண்டு, முடியாததும் உண்டு. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். முதலீட்டு வலயமாக்கப்பட்டிருந்த 818 ஏக்கரை விடுவிக்கும் முடிவு 2015இல்தான் வந்தது, அதற்கும் நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. சட்டத்தரணி, எம்.பி, நீதிபதி என்று மூன்று கதிரையும் ஒரே காணிக்காக வேலை செய்த இடம் அது. முடியாததற்கு உதாரணம் மு. திருச்செல்வம். சொலிசிட்டர் ஜெனரலாக இருந்து, 1965இல் செனற்றர், உள்ளூராட்சி அமைச்சர். கோணேசர் கோவில் சுற்றாடலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க அதை நிறுத்தினார், 1968இல் திருச்செல்வம் பதவி விலகினார். நாட்டின் மிகக் கூர்மையான சட்ட மூளைகளில் ஒன்று அமைச்சர் கதிரையில் இருந்தும் நடந்தது இது.

மாகாண சபைக் கதிரையை மதிப்பிட இப்போது ஒன்றுமில்லை. கிழக்கு மாகாண சபைத் தேர்தல் 2008இலும் 2012இலும் நடந்தது, 37 உறுப்பினரில் திருகோணமலைக்குப் பத்து ஆசனம். 2017 செப்டெம்பரோடு காலம் முடிந்தது. சபையில் இருந்த லோயர்மார் கோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நாலாவது வரி

பதில் நீதவான் என்பவர் நிரந்தர நீதவான் லீவில் நிற்கும் நாட்களில் அந்த ஆசனத்தில் இருக்க நியமிக்கப்பட்ட உள்ளூர்ச் சட்டத்தரணி. சனிக்கிழமை பொலிஸ் கொண்டுவருகிற சந்தேகநபரை விளக்கமறியலில் வைப்பதா, பிணையில் விடுவதா என்று தீர்மானிப்பவர் சில நாளில் இவர்தான். பலகையில் அந்த வரி இருப்பது ஊரில் மதிப்பு, அதில் பிழையில்லை. ஆனால் அதைப் பார்த்து வழக்குக் கொடுக்கிறவர் தன் காலில் தானே கோடரி போடுகிறார். உங்கள் லோயர் ஆசனத்தில் இருக்கிற நாளன்று உங்கள் வழக்கு வந்தால் அவர் அதைத் தொட முடியாது, இன்னொரு தவணை. உங்கள் பக்கம் பேசவும் அன்று ஆளில்லை. அடிக்கடி பதில் நீதவானாக இருப்பவரிடம் உறுதி முடியுங்கள், குற்றவியல் வழக்குக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மூன்றாவது வரியான சத்தியப்பிரமாண ஆணையாளருக்கும் இதே மாதிரி ஒரு எல்லை. தான் ஆஜராகிற வழக்கில் தன் கட்சிக்காரரின் சத்தியக்கடதாசியை அவர் அத்தாட்சிப்படுத்தக் கூடாது. அடுத்த ஒபிஸுக்குப் போகச் சொல்வது உங்களை அலைக்கழிக்க அல்ல. போகிற வழியில் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே ‘இந்துவாகிய நான் உறுதிமொழிந்து’ என்று தொடங்கி, கீழே ‘என் முன்னிலையில் சத்தியம் செய்து’ என்று முடிந்திருந்தால் அந்தக் கடதாசியை எதிர்த்தரப்பு தூக்கிப் பிடிக்கும்.

லோயர் நிரந்தர நீதிபதியானால் ஒபிஸ் மூடப்படும். வழக்குக் கோவைகளை அவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு புதுப் புரொக்ஸி கொடுக்க வேண்டும், உங்கள் மூல உறுதி அவர் அலுமாரியில் இருந்தால் கையெழுத்து வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆசனத்தில் ஏறின பிறகு அவரிடம் ஆலோசனை கேட்டுப் போகாதீர்கள், அவருக்கும் உங்களுக்கும் தொந்தரவு. அவர் எழுதின உறுதிகளில் அவர் வைத்திருந்த பிரதிகள் காணிப் பதிவாளரிடம் போய்ச் சேரும். அதனால் உங்கள் உறுதி தொலைந்தாலும் பிரதி எடுக்கலாம், இடப்பெயர்வில் எல்லாம் விட்டுவிட்டு ஓடினவர்கள் அப்படித்தான் எடுத்தார்கள். பதிவகத்தில் மூன்று விடயம் கேட்பார்கள்: உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். அவை தெரியாவிட்டால் சொந்தக்காரர் பெயரை வைத்துப் புத்தகம் புத்தகமாகத் தேட வேண்டும், அதற்கு ஒரு நாள் காணாது. மூன்றும் உறுதியிலேயே எழுதியிருக்கும். இன்றைக்கே படம் எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.